சிவப்பு என்று நான் படித்த எண்

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு நேற்று யாரோ ஒரு பழைய புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். பல்பு சூடேறியதும் தூசி கருகுகிற வாசனை எழுந்தது. தண்ணீர் லாரியைப் பற்றி எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. பொம்மனஹள்ளி தாண்டி இருந்த நம் ஆபீஸின் இரண்டாம் மாடி அறை நினைவுக்கு வந்தது. திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நீ நின்றுகொண்டிருந்தாய்.

நீ இனிமேல் படிக்க மாட்டாய் என்று ஆனபிறகுதான் உனக்கு எழுதுகிற துணிச்சல் எனக்கு வந்திருக்கிறது. இதுவே என் லட்சணத்தைச் சொல்லிவிடும்.

நான் எதையும் எளிதில் நம்பாதவள். ஆம்பூரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில், ஹாஸ்டல் அறையைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். இரண்டாம் மாடி இறங்கியபின் மறுபடி ஏறிப் போய் நாலாம் முறையும் இழுப்பேன். உனக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் தாத்தா காலத்து வீடு. கேட்டுக்குத் தாழ்ப்பாளே ஒழுங்காக விழாது. மதியச் சாப்பாட்டில் நான் கேண்டீன் சாம்பாரை முகர்ந்து பார்ப்பதைக் கண்டு, "ஏய், ஸ்வல்ப நம்புடீ" என்பாய். கொஞ்சம் என்பதற்கான அந்தக் கன்னட 'ஸ்வல்ப'வை உன்னிடமிருந்துதான் நானும் பிடித்துக்கொண்டேன். கூட இருந்த 'நம்பு' மட்டும் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெரிய மேனேஜர் எல்லா ப்ராஜெக்ட்டுகளையும் திரையில் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். நன்றாகப் போனால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நாள் கடந்துவிட்டால் சிவப்பு. நான்காவதாக நீலமும் உண்டு. வாடிக்கையாளர் பதில் சொல்லாததால் வேலை நிற்கிறது, நம் மேல் குற்றமில்லை என்று அதற்குப் பொருள். மேனேஜர் சம்மதிக்காமல் நீலம் போடக்கூடாது, அவரும் லேசில் சம்மதிக்க மாட்டார். வியாழக்கிழமை மதியம் முழுவதும் ஆளாளுக்கு மவுஸைப் பிடித்து வட்டம் வரைவோம். சிவப்பு போடவேண்டியவர்கள் சத்தமில்லாமல் மஞ்சள் பூசிக்கொள்வார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

உனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டே வாரத்தில் மேக்ரோ என்கிற ஒரு சின்ன நிரல் எழுதினாய். நாங்கள் ஷீட்டில் தேதிகளை மட்டும் நிரப்பினால் போதும், பட்டனை அழுத்தியதும் உன் கோட் ஸ்லைடுகளைத் தானே வரைந்துவிடும். முதல் நாள் எல்லோரும் உன் மேசையைச் சுற்றி நின்றோம். வெறும் வெள்ளையில் வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பட்டைகள் நீண்டன, அம்புகள் போய் ஒட்டிக்கொண்டன. யாரோ கை தட்டினார்கள். நீ மேனேஜரிடம், "இதுல யாருக்கும் தனி சலுகை கிடையாது சார். எல்லாருக்கும் ஒரே கோட்" என்றாய். கை தட்டியவர்களில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கியது. எனக்கும்தான்.

அந்த வருடம் வேலைகள் குறைந்துகொண்டே வந்தன. உன் டீம், என் டீம் இரண்டில் ஒன்றை மூடிவிடுவார்கள் என்று கேண்டீனில் பேச்சு. நாங்கள் ஒரு வெளிநாட்டு ஓட்டலுக்கு வெப் பக்கங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் பதினைந்து நாளாக எங்கள் கேள்விக்குப் பதில் போடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை திரையில் எங்கள் வட்டம் சிவந்து உட்கார்ந்திருந்தது, உங்களுடையது பச்சை. மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னிடம் பொருமித் தீர்த்தேன். "அவங்க பதில் போடாததுக்கு எங்க தலையில சிவப்பா?" என்றேன். நீ என் தோளைத் தட்டி, "பாக்கலாம் இரு" என்றாய். பஸ் வந்தது, ஏறிவிட்டேன், நீ ஆபீஸ் பக்கமே திரும்பி நடந்தாய். எதைப் பார்க்கப்போகிறாய் என்று இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய் உன் கோடைத் திறந்தேன். பொதுவான இடத்தில்தான் வைத்திருந்தாய், பூட்டு கிடையாது. எதையும் நம்பாதவள் இல்லையா, முன்பும் அதைத் திறந்து படித்திருக்கிறேன். முதல் வரியிலிருந்து படித்தேன். எல்லாம் நீ சொன்னபடியே இருந்தது, கடைசி வரிக்கு முன்னால் இருந்த ஒன்றைத் தவிர. அந்த ஒற்றை வரி போன வாரம் இல்லாதது. அதில் எங்கள் ப்ராஜெக்ட்டின் பெயர் இருந்தது. இந்தப் பெயர் வந்தால் தேதியைப் பார்க்காதே, வட்டத்துக்கு இந்த நிறத்தைக் கொடு என்று எழுதியிருந்தாய். மற்ற இடங்களில் சிவப்பு, பச்சை என்று பெயராக இருக்க, இங்கே மட்டும் எண். இரண்டு எஃப், பிறகு நான்கு பூஜ்யம். வெப் பக்கம் கட்டுகிறவளுக்கு நிற எண்கள் தண்ணீர் பட்ட பாடு. அது அப்பட்டமான சிவப்பு. வாடிக்கையாளர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் நாங்கள் சிவப்பாகவே இருக்கும்படி ஆணி அடித்துவிட்டாய் என்று நினைத்தேன்.

ஒரு நடை உன் மேசைக்கு வந்து கேட்டிருக்கலாம். பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்கலாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளியில் ஒப்பித்தவள்தான் நான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, மேனேஜரிடம் கொடுத்தேன். என் பெயர் வெளியே வரவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவருக்குக் கோட் படிக்கத் தெரியாது. உன்னை அழைத்து ஒரே கேள்விதான் கேட்டாராம். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் தனி வரி எழுதினாயா, இல்லையா. எழுதினேன் என்றாயாம். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்றோடு மேக்ரோவை நிறுத்தினார்கள். உன்னைச் சந்தாபுராப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மூன்று பஸ். நாலு மாதம் போய் வந்தாய், அப்புறம் ராஜினாமா. அடுத்த வியாழக்கிழமையே நாங்கள் பழையபடி மவுஸைப் பிடித்தோம். எங்கள் வட்டத்துக்கு நானே மஞ்சள் பூசினேன். எங்கள் டீம் பிழைத்துக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆபீஸில் நானும் மேக்ரோ எழுத வேண்டியிருந்தது. ஒரு பெட்டி வரைந்து, அதற்குச் சிவப்பு வேண்டுமென்று இரண்டு எஃப், நான்கு பூஜ்யம் என்று எழுதி ஓட்டினேன். பெட்டி நீலமாக வந்தது. எங்கோ தப்பு என்று மறுபடி ஓட்டினேன், மறுபடியும் நீலம். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். வெப் பக்கத்தில் சிவப்பின் எண் முன்னால் வரும், இந்த மேக்ரோவில் நீலத்தின் எண்தான் முன்னால் வரும், புதிதாக வருகிற எல்லோரும் இதில் ஒருமுறை விழுவார்கள் என்றார். நான் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நீலம். யாருக்கும் சலுகை கிடையாது என்று சபையில் சொன்னவள், எனக்காக அந்தச் சொல்லைத் திருட்டுத்தனமாக மீறியிருக்கிறாய். பெயராக எழுதினால் யார் கண்ணிலாவது படும் என்றுதான் எண்ணாக எழுதியிருப்பாய். பட்டது என் கண்ணில்.

அதே வாரம் இன்னொன்றையும் கண்டுகொண்டேன். பழைய ஆபீஸ் காகிதங்களுக்குள் நான் அன்று எடுத்த வேறு அச்சுகள் சில இருந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்செடுத்தவர் பெயர் சின்ன எழுத்தில் விழுந்திருந்தது. மேனேஜரிடம் கொடுத்த தாளிலும் விழுந்திருக்கும். அதை அவர் உன் முன்னால் வைத்தாரா?

அதற்குப் பிறகு ஒருமுறை உங்கள் தெருமுனை பேக்கரியில் உன்னைப் பார்த்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்துகொண்டிருந்தாய், மெலிந்திருந்தாய். எனக்கும் சேர்த்து முட்டை பஃப் வாங்கினாய். என் மகளைப் பற்றிக் கேட்டாய். ஆபீஸைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. அந்தத் தாளைக் கொடுத்தது நான்தான் என்று தெரிந்துகொண்டு மறைக்கிறாயா, தெரியாததால் பேசவில்லையா என்று உன் முகத்தையே துருவிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று சொல்லவேண்டிய நேரத்திலும் உன்னை உளவு பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இதற்காக எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

உன் அடக்கத்தன்று வீட்டுக்கு வந்தேன். கூட்டத்தின் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். உன் அம்மா என் பெயரைக் கேட்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானாம்மா அது? உன்னப் பத்தி நெறைய சொல்லுவா. ஆபீஸ்ல எல்லாரும் சும்னே, எதையும் படிக்காம, பட்டன் அழுத்துவாங்களாம். அவ எழுதுனத ஒரு வரி விடாம படிச்சது நீ ஒருத்திதானாம்."

அழுதேன். எல்லோரும் உனக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதைப் பெருமையாகச் சொன்னாயா, எல்லாம் தெரிந்தே சொன்னாயா? உன்னிடம் கேட்கவேண்டிய கேள்வியை அன்றும் நான் கேட்கவில்லை, இனி கேட்கவும் முடியாது. வேறு எதைப் பற்றிய சந்தேகமும் எனக்கு ஒரு வாரத்துக்குமேல் நிலைப்பதில்லை. இது ஒன்று மட்டும் என்னோடு இருக்கிறது. அது தீர்ந்துவிடக்கூடாது என்றுதான் இப்போதெல்லாம் நினைக்கிறேன்.