சேர்ந்துதான் செய்தோம்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. கீழ்வரிசையில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. என் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறாள். மற்ற விஷயத்தைப் போனில் சொன்னால் சண்டையில் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

நம் சோதனை எண்களை அலசக் கற்கும் பயிற்சிக்குப் போன புதிதில், அங்கே சொல்லித்தரும் உன் புள்ளியியல்காரரை 'சார்' என்றாய். இப்போது 'அவர் சொன்னார்', 'அவர் சிரிச்சார்' என்கிறாய். இந்த வீட்டில் 'அவர்' என்றால் இதுவரை நான்தான்.

அதைக்கூடப் பொறுத்தேன். நம் ஆய்வின் ஆரோக்கியமான கல்லீரல் மாதிரிகளில் இரண்டு மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று அவர் கழித்துவிட்டாராமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த இரண்டின் மரபணுக்களை அளந்த மைக்ரோஅரே சில்லுகள் நான் செய்தவை. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நீ வீட்டில் இருந்துவிட்ட அன்று, உன் பங்கையும் சேர்த்து நான் செய்தது. "ரெண்டுதானே, போனாப் போகுது விடுங்க" என்று நீ வேறு சொன்னாய்.

விடவில்லை. அந்த அலசலை நானே கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். எனக்கும் கணக்குக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். எண்களுக்கு எதற்கு லாக் எடுக்கிறார்கள் என்று புரிவதற்குள் விழி பிதுங்கிவிட்டது. "ஏன்டா, உனக்குப் பொறாமை பொண்டாட்டி மேலயா, வாத்தியார் மேலயா?" என்று கேட்டாள் அக்கா. "ரெண்டு பேர் மேலயும்தான், நீ பாப்பாவப் பாரு" என்றேன்.

ஒன்று உருப்படியாகப் புரிந்தது. பல்லாயிரம் மரபணுக்களை ஒரே மூச்சில் சோதித்தால், ஒன்றுமே நடக்காவிட்டாலும் தற்செயலாகவே சில நூறு மாறியதுபோலத் தெரியுமாம். உன் பேச்சை நான் வார்த்தை வார்த்தையாகச் சோதித்த லட்சணமும் அதுதான். வெட்கமாக இருந்தது. பொறாமை மட்டும் குறையவில்லை.

என் சில்லுகளின் தரத்தைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. துள்ளிக் குதித்தேன். பிறகு, எந்த மாதிரி எதற்கு நெருக்கம் என்று கிளை கிளையாகக் காட்டும் படத்தை வரைந்தேன். இரண்டு பெரிய கிளைகள். ஆரோக்கியம் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். ஆரோக்கியமானவற்றில் நான் செய்த அந்த இரண்டு மட்டும் நோய்ப் பக்கத்தில்.

குதிப்பது நின்றுவிட்டது. பாப்பாவை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று ஆய்வகத்துக்கு நீ காலையில் போனாய், நான் மாலையில் போனேன். ஆரோக்கியமானவை உன் கையில், நோயுற்றவை என் கையில். படம் நோயைப் பார்த்துப் பிரியவில்லை, வாயாடி. செய்த கையைப் பார்த்துப் பிரிந்திருக்கிறது.

அவர்மேல் தப்பில்லை. யார் செய்தது என்று முதலிலேயே கேட்டாராம். "நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்துதான் செஞ்சோம்னு சொன்னேன்" என்றாய் பெருமையாக. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன்.

ஆனால் நாம் சேர்ந்து செய்யவில்லை. ஆய்வக வாசலில் பாப்பாவைக் கைமாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான்.

இவையெல்லாம் நோயால் மாறிய மரபணுக்கள் என்று கட்டுரையை அனுப்புமுன் அவரிடம் இதைச் சொல். பொறாமையில் உளறுகிறேன் என்று தோன்றினால், உன் கைக்கு ஒரு நிறம், என் கைக்கு ஒரு நிறம் கொடுத்து அவரையே படம் வரையச் சொல். உன் பெயர் முதலில் வரப்போகும் முதல் கட்டுரை அது. தெரிந்துதான் கேட்கிறேன்.

வந்துவிடு. மாதிரிகளில் மிச்சம் உறைபெட்டியில் இருக்கிறது. மறுபடி செய்வோம். இரண்டு வகையிலும் பாதி உன் கை, பாதி என் கை. ஒரே மேசையில், ஒரே நேரத்தில். பாப்பாவை அக்கா பார்த்துக்கொள்வாள், கேட்டுவிட்டேன்.

இன்னும் உன் 'அவர்' என்ற நம்பிக்கையில்,
முசுடு