மாமனாரின் மூவாயிரத்துச் சொச்சம் பாட்டுகள்

மார்ச் 4, புதன்

மாமனார் வந்து இறங்கினார். இனி எங்களோடுதான். ஒரு பெட்டி துணி, மூட்டுவலித் தைலம், ஒரு கிழட்டுக் கணினி. போர்வை சுற்றியிருந்தது கணினிக்கு மட்டும். உள்ளே மூவாயிரத்துச் சொச்சம் பாட்டுகளாம். அது நின்றுபோவதற்குள் என் மடிக்கணினிக்கு மாற்றித் தர வேண்டுமாம். பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் இல்லை, சமையலறையில் இருந்த மகளிடம் கூவினார்: “அவர்கிட்ட சொல்லும்மா.”

பதினொரு வருடம் முன்பு எங்கள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றவர். அதற்கப்புறம் எனக்குச் சொல்வதெல்லாம் மகள் என்ற தபால்காரர் வழிதான்.

மார்ச் 5, வியாழன்

என் பென் டிரைவை அவர் கணினியில் செருகினேன். அடையாளம் தெரியவில்லை, மொத்தமாக அழித்துவிடட்டுமா என்று கேட்டது. முதல் அறிமுகத்திலேயே எவ்வளவு மரியாதை! எஜமானரிடம் நன்றாகவே பழகியிருக்கிறது.

எட்டிப் பார்த்த மாமனார் சுவரிடம் சொன்னார்: “ரெண்டும் வேற வேற ரகம். ஒத்துப்போகாது.”

என் கல்யாணத்தைப் பற்றியும் இதே தீர்ப்புதான். ஓர் எழுத்து மாறவில்லை.

மார்ச் 7, சனி

என் கண்ணாடிக் கடைக்கு எதிரே கணினி பழுதுபார்ப்பவர் இருக்கிறார். “ரெண்டுக்கும் பொதுவா ஒரு முறை இருக்கு சார், பென் டிரைவை அதுல ஃபார்மேட் பண்ணுங்க” என்றார். ஐந்து நிமிட வேலை. நான் மூன்று நாள் முட்டிக்கொண்டேன்.

பாட்டுகள் வந்துவிட்டன. பெயர்கள் வரவில்லை, பழைய திரையைப் பார்த்து அடிக்கலாம் என்றால் வரிசையும் குலைந்துவிட்டது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார். என் கணினியில் எல்லாம் கட்டமும் கேள்விக்குறியும். மூவாயிரத்துச் சொச்சம் கேள்விக்குறி.

மார்ச் 8, ஞாயிறு

மனைவிக்கு மருத்துவமனையில் பணி. தபால்காரர் இல்லாத வீட்டில் நாங்கள் இருவரும். நான் ஒவ்வொரு பாட்டாக ஓடவிட வேண்டும், அவர் பெயர் சொல்ல வேண்டும், நான் அடிக்க வேண்டும். இரண்டு நொடி கேட்டாலே சொல்லிவிடுகிறார், பாவி மனுஷன்.

“தப்பா அடிச்சிருக்கீங்க. மூணு சுழி ண.”

என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வாக்கியம். எழுத்துப்பிழை திருத்தம். பிறவிப் பயன் அடைந்தேன்.

மார்ச் 11, புதன்

எண்ணூறு முடிந்தது. காபி போட்டுக்கொண்டுவந்து வைத்தார். சர்க்கரையே இல்லை. குடித்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

அவர் குளிக்கப் போனபோது, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பழைய கணினியில் தேடினேன். ‘வரவேற்பு’ என்று ஒரு ஃபோல்டர். நாற்பத்தொரு பாட்டுகள், எண் போட்டு வரிசையாக. விருந்தினர் வரும்போது இத்தனை, சாப்பாட்டின்போது இத்தனை, மணமக்கள் கிளம்பும்போது இரண்டு. தேதியைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்பு.

என்னய்யா கூத்து இது? வரமாட்டேன்னு கதவைச் சாத்தின மனுஷன் எதுக்கு உக்காந்து வரிசை போட்டாரு? அன்னிக்கு அவ வாசலையே பாத்துக்கிட்டு நின்னா — தெரியுமா இவருக்கு? கேக்கட்டுமா? கேட்டா என்ன சொல்வாரு?

துண்டோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார். கேட்க நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, “இதையும் மாத்தட்டுமா மாமா?” என்றேன்.

தலையைத் துவட்டினார். ரொம்ப நேரம் துவட்டினார், இருக்கிற நாலு முடியை.

“ஏழாவது பாட்டு சரியா பதிவாகல. அதை மட்டும் விட்டுடுங்க.”

மார்ச் 15, ஞாயிறு

மாலையில் மனைவி வேலை முடிந்து வந்தபோது அந்த நாற்பது பாட்டுகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் போடவில்லை. எந்தப் பொத்தான் என்று மட்டும் காட்டிக்கொடுத்தேன்.

“நல்லாருக்கே, யாரு எடுத்துவச்சது?” என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

இந்த முறை நான் தபால்காரர் ஆவேன் என்று மாமனார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

“நான்தான்மா. உன் கல்யாணத்துக்கு எடுத்துவச்சது. அன்னிக்கே கொண்டுவந்திருக்கணும்.” பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “உக்காரு. அடுத்தது இன்னும் நல்லாருக்கும்.”

பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.