ஐந்தாம் எண்ணுக்கு ஒரு இருமல்

ஜூலை 4

காலை ஷிப்ட். மழையில் மூன்று பேருந்துகள் தாமதம், மூன்றுக்கும் நான்தான் வருத்தம் தெரிவித்தேன். பேருந்து நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இத்தனை வருடமாய் அறிவிப்புச் செய்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் வாயைத் திறந்தால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாலை வகுப்பு. பகலில் ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு நாங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான பட்டப்படிப்பு, கடைசி வருடம். அறை கொள்ளாமல் தொடங்கியவர்கள் இப்போது எட்டே பேர். எட்டுக்குக் கீழே போனால் இந்த மையத்தை இழுத்து மூடிவிடுவார்கள் என்று சார் சொல்லிவிட்டார். அடுத்த மையம் இரண்டு மணி நேரப் பயணம். என் ஷிப்டுக்கு அது நடக்காத காரியம்.

சாருக்குக் கண் மங்கல். பதிவேட்டில் மூக்கு முட்ட, எண்ணைத்தான் கூப்பிடுவார். தலையைத் தூக்க மாட்டார். ஐந்தாம் எண், என் பக்கத்தில் உட்காரும் தையற்கார அக்கா. ஆறு நான். எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்போம். அக்கா மட்டும் முதலில் ஒரு இருமல், பிறகு "இருக்கேன்". நூல் தூசி தொண்டையில் குடித்தனம் நடத்துகிறதாம்.

எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள், ஐம்பத்தைந்து வயதில் பட்டம் வாங்கப் போகிறாள். பரீட்சையைத் தவிர வேறு எதற்கும் பயமில்லை. ஹால் வாசலில் கால் நகராது அவளுக்கு. ஒவ்வொரு முறையும் நான்தான் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளுவேன். "நீ தள்ளலேன்னா நான் இந்நேரம் வீட்ல பட்டன் தைச்சுக்கிட்டு இருப்பேன்டி" என்பாள்.

ஜூலை 19

அக்காவுக்குக் காய்ச்சல். போனில், "எனக்கு ஒரு ப்ராக்ஸி குடுத்துடு. இருமலை மறந்துடாதே" என்றாள்.

கொடுத்தேன். ஒரு இருமல், "இருக்கேன்". அச்சு அசல் அக்கா! சார் டிக் போட்டார். பின் பெஞ்சில் காவலாளி அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் பெஞ்சுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினார். வீட்டில் மகளுக்கும் செய்து காட்டினேன். "காலேஜ் போய் நீ நல்லா கெட்டுப் போயிட்டேம்மா" என்றாள்.

ஆகஸ்ட் 2

அக்கா போய்விட்டாள். வெறும் காய்ச்சல் இல்லையாம். நுரையீரலாம்.

ஆகஸ்ட் 6

வகுப்புக்கு முன் காவலாளி அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, சார்கிட்ட யாரும் இன்னும் சொல்லலை. ஏழு பேர்னு தெரிஞ்சா எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டுதான். பரீட்சை வரைக்கும் நீ குரல் குடு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிலையத்தில் அறிவிப்புக்கு இயந்திரம் வரப் போகிறது. அதன்பின் கட்டுப்பாட்டு அறையில் வேலை வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். மகள் இப்போதுதான் பன்னிரண்டாவது.

"ஐந்து" என்றார் சார். செத்துப் போனவளின் இருமலை இருமினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? பக்கத்தில் காலியாய்க் கிடந்த இடத்தைக் கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 8

இரண்டு நாளாய் இயந்திரத்துக்காக என் குரலைப் பதிவு செய்கிறார்கள். எல்லா ஊர்ப் பெயரும், எல்லா எண்ணும். "வருந்துகிறோம்" மட்டும் பத்து விதமாய். மேலாளர் சொன்னார்: "இனிமே நீங்க லீவு போட்டாலும் நீங்க இங்கேதான் இருப்பீங்க." நல்லவிதமாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 10

பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வருகிறது. வகுப்பில் காவலாளி அண்ணனுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினேன்: இன்று ஐந்துக்கு நீங்கள் பேசுங்கள். அவர் கையை விரித்தார்.

சார் "நாலு" என்றார். சமையல்காரத் தம்பி "உள்ளேன் ஐயா" என்றான். "ஐந்து."

மின்விசிறிச் சத்தம் மட்டும். சார் பேனாவோடு காத்திருந்தார்.

இருமல். "இருக்கேன்."

டிக்.

காவலாளி அண்ணன் 'சபாஷ்' என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. "ஆறு" என்றபோது நான் கையைத்தான் தூக்க முடிந்தது. தம்பி எனக்காக, "தொண்டை கட்டியிருக்கு சார், வந்திருக்காங்க" என்றான்.

இருமல் எனக்கு இடது பக்கத்திலிருந்து வந்தது. அக்கா உட்காரும் பக்கம்.

செப்டம்பர் 11

யாரோ விளையாடுகிறார்கள். யார்?

செப்டம்பர் 17

யாரும் இல்லை. ஒவ்வொருவராய்ப் பிடித்துக் கேட்டாயிற்று. தம்பி தன் குழந்தை மேல் சத்தியம் செய்தான். எனக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. தினமும் அது வருகிறது.

காவலாளி அண்ணன் கதவோரம் இடம் மாறிவிட்டார். மாடி மாடியாய் ராத்திரிக் காவல் பார்க்கிற மனிதர், வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாய் ஓடுகிறார். நான் மட்டும் எங்கே மாறுவது? அக்காவுக்குப் பக்கத்து இடம்தான் என் இடம்.

பெஞ்சில் தையல் மிஷின் எண்ணெய் வாசம். இன்று வீட்டுக்கு வந்ததும் மகள் என் தோளிலிருந்து ஒரு நீல நூலைப் பிய்த்து எடுத்தாள். "எங்கேருந்தும்மா இது?" எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது.

அக்டோபர் 8

மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. சேதி கேட்ட அன்னைக்கே அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. நீங்க குரல் குடுக்கறீங்கன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. மத்த ஏழு பேர் பொழைப்பு கெடக் கூடாதேன்னு விட்டுட்டேன்."

"நான் ஒரு மாசமா குடுக்கலை சார்."

"அப்போ யாரு?"

நான் அக்காவின் இடத்தைப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். "உயிரோட இருந்தப்பவும் அவங்கதான் முதல்ல வருவாங்க" என்றார், என்னிடம் இல்லை, பெஞ்சிடம். பிறகு, "கொஞ்சம் இருங்கம்மா, சேர்ந்தே போயிடலாம்" என்றார். அறையைப் பூட்டும்வரை நான் வராந்தாவில் நின்றேன். சாவியைத் துவாரத்தில் நுழைக்க அவருக்கு நேரம் பிடித்தது.

நவம்பர் 12

எல்லாம் போச்சு.

இயந்திரத்துக்கு இன்று சோதனை ஓட்டம். நடுவில் சிக்கிக்கொண்டு, நிலையம் முழுக்க என் குரல் "வருந்துகிறோம், வருந்துகிறோம்" என்று நிற்காமல் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பயணிகள் சிரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. சரியாகும்வரை நகரக் கூடாது என்று மேலாளர் பிடித்து வைத்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே நானே கத்திக்கொண்டிருந்தேன்.

வகுப்புக்குப் போக முடியவில்லை. மகளுக்கு உடம்பு முடியாதபோது எடுத்த விடுப்பெல்லாம் சேர்ந்து, என் வருகைக் கணக்கு விளிம்பில் நிற்கிறது. இன்னும் ஒரு நாள் குறைந்தாலும் ஹால் டிக்கெட் தர மாட்டார்கள். அந்த ஒரு நாள் இன்றுதான். மூணு வருஷம்! மூணு வருஷம் பஸ்ஸுலயும் அடுப்படியிலயும் படிச்சு, கடைசியில ஒரு மிஷினால போச்சு. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேலி எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 13

சாரிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று சீக்கிரமே போனேன்.

"எதுக்கும்மா கெஞ்சறீங்க? நேத்து வந்தீங்களே. டிக் போட்டிருக்கேனே."

காவலாளி அண்ணன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர மனமில்லை அவருக்கு. "உன் குரல்தான் தங்கச்சி. பஸ் ஸ்டாண்டுல கேக்குற அதே குரல். தெளிவா 'உள்ளேன் ஐயா'ன்னுச்சு. உன் இடம் காலியா கிடக்கு, நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே இருக்கோம்." இன்னும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு இருமல்."

யாரிடமும் கடன் வைக்க மாட்டாள் அக்கா. பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதேன். பயத்தில் பாதி. மீதி எதனால் என்று எழுதத் தெரியவில்லை.

டிசம்பர் 9

பரீட்சை. பேருந்து தாமதம், இயந்திரம்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை. ஓட்டமும் நடையுமாய்ப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நிற்கவில்லை, நேராய் என் மேசைக்கு.

மேற்பார்வை பார்த்த அம்மா எண்களைக் கூப்பிட்டாள். "ஐந்து?"

நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். காவலாளி அண்ணனும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றும் வரவில்லை.

"ஐந்து, வரலையா?"

"வந்தாங்க மேடம்" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. "தினமும் வந்தாங்க." அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டாள்.

மூன்றாம் கேள்வி எழுதும்போதுதான் உறைத்தது. வாசல். நான் அவளைத் தள்ளவில்லை. அவள் பாட்டுக்கு அங்கேயே நின்றுகொண்டிருப்பாள்! கதவைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது, வெயில் மட்டும் கிடந்தது. எழுந்து போகவும் முடியாது. மீதிக் கேள்விகளை எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3

பாஸ். மகள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

எனக்கு மேல் வரியில், ஐந்து: வரவில்லை.

பிப்ரவரி 16

கட்டுப்பாட்டு அறையில் முதல் நாள். சுழல் நாற்காலி, மேசை நிறையத் திரைகள். வெளியே என் குரல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாப்பிடும் நேரத்தில் சாருக்குப் போன் செய்தேன், பரீட்சைக்கு வராதவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்க. "அவங்க எண்ணு தானாவே மறுதேர்வுக்குப் போயிடும்மா" என்றார். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தேதியை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

மார்ச் 20

மறுதேர்வு. அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். தெரியாத முகங்கள், எல்லோரும் புத்தகத்தைப் புரட்டியபடி. எல்லோரும் உள்ளே போகும்வரை வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன். வேடிக்கை பார்ப்பவள் என்று அங்கிருந்த காவலர் நினைத்திருப்பார்.

பிறகு கையை நீட்டினேன், அக்காவின் முதுகு உயரத்துக்கு. கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. எண்ணெய் வாசம் மட்டும்.

"போக்கா. அன்னைக்கு மறந்துட்டேன், மன்னிச்சுடு. போ, நான் இங்கேதான் இருப்பேன்."

தள்ளினேன்.

உள்ளே எண்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஐந்து?" என்று ஒரு ஆண் குரல். அவர் மறுபடி கூப்பிட வாயெடுப்பதற்குள் அந்த இருமல் வந்துவிட்டது.

கதவைச் சாத்தினார்கள். மூன்று மணி நேரப் பரீட்சை. முடிந்து வெளியே வரும்போது யாராவது இருக்க வேண்டுமே என்று, நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.