பத்தொன்பதும் பதினைந்தும்

அன்புள்ள நம் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அத்தை சொன்னார்கள். விரல்கள் மடங்குகின்றனவா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிட்டார்கள். அதை நீங்களே எழுதுங்கள்.

படகு இன்ஜினை விற்றுவிடச் சொல்லியிருந்தீர்கள். இன்னும் விற்கவில்லை. கோபப்படாமல் படியுங்கள்.

உங்களுக்கு அடிபட்டதிலிருந்து படகில் ஆள் ஏற்றுகிறேன் அல்லவா? போன வாரம் எட்டுப் பேரோடு நடு ஆற்றில் போகும்போது, எதிர் நீரோட்டத்தில் படகு நகரவே இல்லை. வேகம் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் திருப்பியும் இன்ஜின் முக்கி முனகிக் கரும்புகை கக்கியது. கூட வந்த டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். எப்படியோ கரை சேர்ந்தோம். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வயசாயிடுச்சுக்கா, தள்ளி விட்டுடுங்க" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வயதாகிவிட்டது என்றால் ஆள் இல்லாதபோதும் இளைக்க வேண்டுமே? சுற்று காட்டும் மீட்டரைக் கவனித்தேன். நான் மட்டும் போனால் நிமிடத்துக்கு 5100 சுற்று. எட்டுப் பேரோடு 4600. முழு வேகத்தில் ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில் ஓட வேண்டும் என்கிறது கையேடு.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப் போனேன். பட்டறைக்காரர் அதில் பொறித்திருந்த 19ஐத் தொட்டுக் காட்டினார். "ஒரு சுத்துக்குப் பத்தொன்பது அங்குலம் போகப் பார்க்கும்மா. வெறும் படகுன்னா பறக்கும். சுமை ஏத்தினா இன்ஜின் திணறத்தானே செய்யும்?" என்றார். நீங்கள் தனியாக மீன் பிடிக்கப் போவதற்கென்று வாங்கியது. அன்றைக்கு உங்கள் கணக்கு சரிதான்.

எனக்கா பொறுமை? அவரிடமிருந்த பதின்மூன்று அங்குல ப்ரொப்பெல்லரை இரவல் வாங்கி மாட்டினேன். தனியாகப் போனபோது மீட்டர் 6300ஐத் தொட்டது. இன்ஜின் போட்ட கூச்சலில் பயந்து உடனே குறைத்துவிட்டேன். அப்புறம் பதினைந்து. ஆள் இல்லாமல் 5900, எட்டுப் பேரோடு 5400! நேற்று அதே நீரோட்டத்தில் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. "புது இன்ஜினாம்மா?" என்று டீச்சர் கேட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியவள் இப்போது நங்கூரம் போடுகிறாள். சின்னவன் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

டாக்டர் அனுப்பியதும் புறப்பட்டு வாருங்கள். துறையில் நான் நிற்பேன். முன்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வாருங்கள், போதும். ஓட்டுவதை எனக்கு விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
இரு கரைக்கும் படகுக்கார அக்காவாகிவிட்ட
உங்கள் மனைவி