பலமுறை எச்சரித்தும்

மீஞ்சூர்
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு,

அம்மாவின் முத்தங்கள். இங்கே பிரின்சி, ஸ்நேகா, நான் மூவரும் சுகம். தண்ணீர் மோட்டார் மட்டும் சுகமில்லை. மெக்கானிக் நேற்று வந்து அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, நாளை வருகிறேன் என்று போனவன் இன்னும் வரவில்லை. ஸ்நேகா கணக்கில் எழுபத்திரண்டு வாங்கியிருக்கிறாள். போதும் என்கிறாள். எனக்குப் போதவில்லை.

நீ பயிற்சிக்குப் போயிருக்கும் விசாகப்பட்டினத்து விருந்தினர் விடுதிக்கு இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசும்போதெல்லாம் உன்னைச் சுற்றி நான்கு பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீயும் பாதி அவர்களோடும் பாதி என்னோடும் பேசுகிறாய். இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

வியாழக்கிழமை பகல் சுமலதா வந்திருந்தாள். உங்கள் ஷிப்டில் பெல்ட்டில் கை சிக்கிய குப்புராஜின் மனைவி. எளாவூரிலிருந்து பஸ், பிறகு ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கதவருகிலேயே நின்றாள். நாற்காலியில் உட்கார வைக்க மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

குப்புராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டானாம். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. இன்னும் விரல் அரிக்கிறது என்று சொல்லி வெறும் கட்டைச் சொறியப் போகிறானாம். அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய வாக்கியங்கள்.

உனக்கு நினைவிருக்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ஷிப்டில் பதினோரு பேரும் சேர்ந்து கொடுக்கும் வாக்குமூலம் என்று ஒரு தாளை என்னிடம் நீட்டினாய். விசாரணைக்குப் போகிற விஷயம், நல்ல இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்றாய். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் என்னை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்: ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அழகாக்கிக் கொடுத்துவிடுவேன். பெல்ட்டின் தடுப்பு வலையைத் தொழிலாளி தானாகவே கழற்றினார் என்று நீ எழுதியிருந்தாய். வாக்கியம் மொட்டையாக இருந்தது. "பலமுறை எச்சரித்தும்" என்று அதன் முன்னால் சேர்த்தேன். அந்த வார்த்தைகளை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எச்சரித்தீர்களா என்று நானும் கேட்கவில்லை. படிக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நீயும் படித்துப் பார்த்து, "சூப்பர்மா" என்றாய்.

அதைத்தான் சுமலதாவுக்குத் தமிழில் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அவள் என்னை நிறுத்தினாள்.

"எத்தினி வாட்டி சொன்னாங்களாம்? ஒரு வாட்டிகூட சொல்லலியேம்மா. வலை கயட்டி ரெண்டு மாசமா ஓரமா சாச்சி வச்சிக்கீது. இவருதான், வலைய மாட்டுங்கண்ணா, பெல்ட்டாண்ட கை வைக்க பேஜாரா கீதுன்னு கேட்டுக்கீறாரு. அதுக்கு, நீ பஸ்ஸுல போறவன், எங்களுக்கு ரெண்டர ரயிலு கீதுடான்னு சொன்னாங்களாம்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். வலை மாட்டியிருந்தால் சிக்கின துண்டை எடுக்கப் பெல்ட்டை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் போகும். வலை இல்லாவிட்டால் ஓடும்போதே கம்பியால் தள்ளிவிடலாம். அன்றைய வேலை சீக்கிரம் முடியும். காலை ஷிப்டு ஆட்கள் குளித்துவிட்டு நிதானமாகக் கும்மிடிப்பூண்டியில் இரண்டரை மணி ரயிலைப் பிடிக்கலாம். நீ வேலை முடிந்து தினமும் குளித்துத் தலை வாரி வருவதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன், ஜோஷ்வா. உன் அப்பா எண்ணெய்க் கையோடு வருவார்.

அடியில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். முதல் கையெழுத்து உன்னுடையது. என் கண்ணாடி சரியில்லை என்றேன். எழுபத்தாறு வயதில், பட்டப்பகலில், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பொய் சொன்னேன்.

போகும்போது அவள் சொன்னது இது: "ஜோஷ்வா அண்ணன் ஊருக்குப் போய்க்கீறாருன்னு தெரியும்மா. வந்துட்டா எல்லாம் சரியாப்பூடும். அவரு ஒரு வார்த்த சொன்னா அந்தப் பதினோரு பேரும் கேப்பாங்கன்னு எங்கூட்டுக்காரரு சொல்லிக்கினே கீறாரு. அவருதான் அண்ணன் ஊட்டுக்கே போய்க் கேளுன்னு அனுப்பிச்சாரு."

குப்புராஜும் உன்னை மதிக்கிறான். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் உன் சங்கத்தில் அவனுக்குக் கை தூக்க உரிமை இல்லை. அதனால் அந்த மதிப்பு உன் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. தவறு அவனுடையது என்று முடிவானால் அவனுக்குக் கேட்டில் உட்காரும் வேலைகூடக் கிடைக்காது. இது எனக்குத் தெரிந்திருக்கிறது என்றால் உனக்கும் தெரியும்.

ஊருக்குக் கிளம்பும் முன் பிரின்சியிடம் நீ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எல்லாரும் என்னை நம்பிக்கினு கீறாங்க. நான் மாத்திச் சொன்னா வலைய கயட்டின மூணு பேருக்கு வேலை பூடும், எனக்கும் பூடும். அப்புறம் எவனும் என்னை மனுசனாவே மதிக்க மாட்டான்" என்றாய். வீட்டுக்குள் பேசக் கூடாது என்று நான் சின்ன வயதிலிருந்து தடுத்த பேச்சு. மனது கலங்கும்போது உனக்கு அதுதான் வருகிறது. பிரின்சி, ஷிப்டுக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்றாள். அவளுக்கு அது பெரிய பயம். சிரிக்காதே, அது பெரிய பயம்தான். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

உனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பாவின் ஷிப்டில் கிரேன் சங்கிலி அறுந்து ஓர் ஆள் இறந்துபோனார். கிரேன் ஓட்டியவன் குடித்திருந்தான் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஷிப்டுக்குத் தலைவர் உன் அப்பா. விசாரணையில் அவர் மட்டும், அவன் குடிக்கவில்லை, சங்கிலி தேய்ந்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

திருவொற்றியூரில் ஏறுகிறவர்கள் மீஞ்சூரில் ஏறுகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடிப்பது அப்போதும் உண்டு. மறுநாளிலிருந்து அப்பாவைக் கண்டால் காலி இடத்தில் பையை வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை, நான்கு வருடம், அவர் போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டே போய்வந்தார். வேறு பெட்டியில் ஏறக் கூடாதா என்று கேட்டேன். "இதுதானே என் பெட்டி" என்றார்.

கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று அவரைக் கேட்டேன். ஒரு தவக்காலம் முழுவதும் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. அதை ஒறுத்தல் விரதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவின் அடக்கத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். மழை என்று உனக்குச் சொன்னேன். மழை பெய்தது உண்மைதான். அதே வாரம், அதே மழையில், பாக்கியராஜ் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு ஷிப்டே திரண்டு வந்தது.

அதன் பிறகு உன்னை நாலு பேர் மதிக்கும்படி வளர்க்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். வளர்த்தும் விட்டேன். சங்கத் தேர்தலில் உனக்கு எதிராக யாரும் நிற்கவில்லை என்று நீ சொன்ன அன்று தெரு முழுவதும் கேசரி கொடுத்தேன். ஆகவே இந்தக் கடிதத்தை உன்மேல் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ செய்வது நான் சொல்லிக்கொடுத்தது.

கூட இருப்பவர்கள் மதிக்காவிட்டால் தலைவன் எப்படித் தலைவனாக இருப்பான் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்பா மறுபடி தலைவராகவே இல்லை. நல்லது செய்தால் பலன் வரும் என்று நான் உனக்குக் கதை சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அவர் சொன்ன பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சங்கிலியை மாற்றினார்கள். மாற்றியவர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. ஆனால் மாற்றினார்கள். அவர் ஓய்வு பெறும்வரை அந்தக் கிரேனுக்குக் கீழே ஒருவரும் சாகவில்லை. உன்னோடு எல்லோரும் பேசுகிறார்கள், ஜோஷ்வா. வலை ஓரமாகச் சாய்ந்து கிடந்தது.

உன்னை மதிக்கிறவர்கள் உன்னிடம் எதைக் கேட்பார்கள் என்று அவர்களுக்கு முன்பே நீ யோசிக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஒருவனை முன்னால் நிறுத்துகிறோம். மற்றவர்கள் ரயிலை நினைக்கும் நேரத்தில் அவன் கையை நினைக்க வேண்டும்.

நேற்று நான் தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அந்த வாக்குமூலத்துக்கு இங்கிலீஷ் எழுதியவள் நான், "பலமுறை எச்சரித்தும்" என்பது என்னுடைய சேர்க்கை, அப்படி நடந்ததாக என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று மட்டும் எழுதினேன். வலையைப் பற்றி எழுதவில்லை. நான் அங்கே இருந்து பார்க்கவில்லை. பார்த்தவன்தான் அதைச் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் அனுப்பியதற்குக் கோபப்படுவாய். படலாம். இனி சுமலதா வந்தால், காகிதத்தை எழுதியது யார் என்பதை அவளிடமும் சொல்வேன். அதற்கு முன் நீ அவர்கள் வீட்டுக்குப் போய்வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

நீ பதினேழாம் தேதி ஞாயிறு மாலை வந்து சேர்வாய். கோழி வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே வெயிலில் தலையில் ஏதாவது போட்டுக்கொள். உனக்கு உடனே மூக்கில் ரத்தம் வரும்.

மறுநாள், பதினெட்டாம் தேதி, விசாரணை முடிந்து இரண்டரை மணி ரயிலில் வருவாய். நான் மீஞ்சூர் ஸ்டேஷனில் நிற்பேன். உன் அப்பாவுக்காக அந்த நான்கு வருடத்தில் ஒருநாள்கூட நான் அங்கே போய் நின்றதில்லை. நீ உள்ளே என்ன சொல்லிவிட்டு வந்தாலும் நிற்பேன்; நீ என் பிள்ளை. விசாரணையில் என்ன நடந்தது என்று பிளாட்பாரத்தில் வைத்துக் கேட்க மாட்டேன். உட்கார்ந்து வந்தாயா, நின்றுகொண்டு வந்தாயா என்று மட்டும் கேட்பேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர்வரை நிற்க ஆண்டவர் உன் கால்களுக்குப் பலம் கொடுக்கட்டும்.

உன் அம்மா,
பிலோமினா சாலமோன்