அம்மா நடத்திய விடுதி

மார்ச் 3, திங்கள்

விதை ஆய்வகத்தில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று பிரிப்பதுதான் என் வேலை. நடுவில் அக்கா போன்.

"நீ படிச்சவதானே, ஒண்ணு சொல்லு. கல்யாணம் பண்ணிக்காம சேர்ந்து இருந்தவங்க பிரிஞ்சா, வீட்டை விட்டுப் போகவேண்டியது யாரு?"

நான் படித்தது தாவரவியல். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால், ஃபியூஸ் போனதிலிருந்து பல்வலி வரை எல்லாம் என் பாடம்தான். "பாத்துச் சொல்றேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் அவள் ஏன் கேட்டாள் என்று உறைத்தது. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 5, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். அவளோடு சேர்ந்து வாழ்ந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் இல்லை. (அப்பா அவரை 'அந்தக் கண்ணாடி' என்பார். அதுவும் இந்த ஆறு வருஷத்தில் அபூர்வமாகத்தான்.) அவருக்கு அவர் அம்மா பெண் பார்த்துவிட்டாராம். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு, நல்லபடியா பிரிஞ்சுடலாம்" என்றாராம். நல்லபடியா!

வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். முன்னறையில் அக்காவின் தையல் மெஷின்கள், வெட்டும் மேஜை, சுருட்டி வைத்த திரைச்சீலைத் துணிகள். அவளிடம் தைக்கக் கொடுப்பவர்கள் இந்த முகவரிக்குத்தான் வருகிறார்கள். வீடு போனால் தொழிலும் போச்சு.

"ஆளு போனா போகட்டும்டி. இந்த மேஜையை உள்ளயே வெச்சு செஞ்சது, கதவு வழியா போகாது" என்று சிரித்தாள். பிறகு கையில் இருந்த துணியின் ஓரத்தில் மூக்கைத் துடைத்தாள். வாடிக்கையாளர் துணி.

மார்ச் 8, சனி

இலவசச் சட்ட உதவி மையம். வக்கீலம்மா வேகமாகப் பேசுகிறார், அதைவிட வேகமாக எழுதுகிறார்.

"கல்யாணம் பதிவாகலைன்னாலும் உனக்கு உரிமை இருக்கும்மா. சேர்ந்து இருந்த வீட்டுல இருக்க விடணும்னு கேக்கலாம், செலவுக்குக் கேக்கலாம். ஆனா ஒரே வீட்டுல இருந்தோம்னா மட்டும் பத்தாது. புருஷன் பொண்டாட்டி மாதிரி நாலு பேருக்குத் தெரிய வாழ்ந்திருக்கணும். யாருக்கெல்லாம் தெரியும்?"

"இவளுக்குத் தெரியும்." அக்கா என்னைக் காட்டினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வேற? அக்கம்பக்கம்?"

"ரெண்டு பக்கமும் புதுசா வந்தவங்க. வீட்டு ஓனர் வெளிநாட்டுல இருக்கார்."

"சொந்தக்காரங்க?"

"அம்மா அப்பாவுக்குத் தெரியும். ஆனா நான் பெண்கள் விடுதியில தங்கியிருக்கேன்னுதான் அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காங்க."

வக்கீலம்மா பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

அந்த விடுதியைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். முதலில் வெறும் 'விடுதி'யாகத்தான் இருந்தது. அத்தை கேள்வி கேட்கக் கேட்க, அதற்கு வார்டன் வந்தாள். வார்டனுக்கு முட்டிவலி வந்தது. மாடி கட்டினார்கள். ஒரு வருஷம் தண்ணீர்ப் பஞ்சம்கூட வந்து போனது. போன வருஷம் தூரத்துச் சொந்தம் ஒருவர் தன் பெண்ணுக்கு அங்கே இடம் கேட்டார். அம்மா கொஞ்சம்கூட அசராமல், "இடமே இல்ல, காத்திருக்கிறவங்களே எக்கச்சக்கம்" என்றாள்.

பத்தாவதோடு நின்றவள் என் அம்மா. கற்பனைக்குப் பட்டம் கொடுத்தால் வீட்டில் முதல் பட்டதாரி நான் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கோர்ட்டில் நாங்கள் போட்ட மனுவுக்குக் கண்ணாடிக்காரரின் பதில் வந்தது. 'முன்னறையை அந்தப் பெண்ணுக்குத் தையல் தொழிலுக்காக விட்டிருந்தேன். அவர் தங்கியது பெண்கள் விடுதியில். அவருடைய சொந்த அத்தையைக் கேட்டாலே தெரியும்.'

அக்கா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நான்தான்டி சொன்னேன். அம்மா புதுசா என்ன கதை விட்டாங்கன்னு சாப்பிடும்போது சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்."

சிரித்துவிட்டு ஞாபகமும் வைத்திருந்திருக்கிறார்.

ஏப்ரல் 5, சனி

அத்தையிடம் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். வேறு வழியில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அண்ணிகிட்டயா? அதுக்கு நான் நேரா கோர்ட்டுலயே போய் நிக்கறேன்" என்றாள். அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து, கால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியில் ஒரே வரி: "அவ வீதியில நிக்கறதைவிட நாம தலை குனியறது மேல்."

அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். எல்லாம் ஏற்கெனவே கழுவி வைத்தவை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அத்தை வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும். அத்தை அப்பாவுக்கு அக்கா. பேச்சில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. அம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "அண்ணி, பெரியவ விடுதியில இல்ல. ஒருத்தரோட இருந்தா. இப்ப அவன் போகச் சொல்றான்."

அத்தை நிதானமாக, "அப்ப அந்த வார்டன் முட்டி ஆபரேஷன்?" என்றார்.

அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"எனக்கு மொத வருஷமே தெரியும்மா. கண்ணாடி மாத்த அந்தக் கடைக்குத்தான் போனேன். நீங்கதான் மருமகன்னு யாருக்கும் காட்டலையே, அவருக்கு என்னை எங்கே தெரியும்? புதுக் கண்ணாடியைப் போட்டு விட்டு, 'அந்தத் திரையில இருக்கிற பூ தெரியுதா பாருங்கம்மா, என் சம்சாரம் தெச்சது'ன்னார். அப்பவே சாப்பாட்டுப் பையோட இவ உள்ள வர்றா. 'அதோ வந்துட்டா'ங்கறார். நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு அண்ணி பார்க்கிறப்பல்லாம் விடுதியைப் பத்திக் கேட்டீங்க?"

"நீ மறைக்கிறதை நான் எதுக்கு உடைக்கணும்? தவிர, நீ நல்லாச் சொல்லுவே."

திரும்பி வரும்போது அம்மா அழுதாள். அக்காவுக்காக என்று நினைத்தேன். "ஆறு வருஷமா என்னைப் பேச விட்டு வேடிக்கை பார்த்திருக்காடி!"

மே 8, வியாழன்

நாளை விசாரணை. நானும் சாட்சி. ஆய்வகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். கண்ணாடியே என்னைக் கூச்சப்படுத்தியது.

மே 9, வெள்ளி

முதலில் அத்தை. தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏறினார். கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் பார்த்தது ஃபிரேமை, பிறகுதான் முகத்தை. பாவம், தொழில் பழக்கம். அவர் முகமே நிறம் மாறிவிட்டது.

அத்தை கடையில் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "பூ தெரிஞ்சதாம்மா?" என்று நீதிபதியே கேட்டார்.

"தெளிவாத் தெரிஞ்சது. சம்சாரமும்."

அடுத்து நான். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டார்கள். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "சண்டை போடுவாங்க" என்றேன். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"எதுக்கு?"

"ஈரத்துண்டைக் கட்டில்ல போடறதுக்கு. கோபம் வந்தா அக்கா சாப்பாடு வைப்பா, தண்ணி வைக்க மாட்டா. கொஞ்ச நேரம் அவர் சும்மா சாப்பிடுவார். அப்புறம் எழுந்து போய் ரெண்டு பேருக்கும் தண்ணி எடுத்துட்டு வருவார். அதோட முடிஞ்சிடும். நான் அங்க தங்கின போதெல்லாம் பாத்திருக்கேன்."

அவருடைய வக்கீல் ஏதோ கேட்க எழுந்தார். கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தலை நிமிரவே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டிய இடம் அது. ஏனோ வரவில்லை.

வெளியே வந்ததும் அக்கா என் காதைத் திருகினாள். "துண்டு விஷயத்தைப் போய் கோர்ட்டுல சொல்லுவியாடி?" விடவே மாட்டேன் என்பதுபோல் காதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மே 23, வெள்ளி

உத்தரவு. அக்கா அந்த வீட்டிலேயே இருக்கலாம். வழக்கு முடியும்வரை அவர் வாடகையில் பாதி கொடுக்கவேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது. "இடைக்காலம்தான். ஆனா நல்ல இடைக்காலம்" என்றார் வக்கீலம்மா.

மே 25, ஞாயிறு

அவர் வந்து தன் பொருள்களை எடுத்துப் போனார். அக்கா ஷெல்ஃபில் விழுந்த காலி இடத்தில் நூல்கண்டுகளை அடுக்கினாள். நிறம் நிறமாக. நானும் அடுக்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா முதல்முறையாக அக்கா வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்டவள், யாரோ கூப்பிட வேண்டும் என்பதுபோல் நின்றாள். "வாம்மா" என்றாள் அக்கா, மெஷினிலிருந்து எழாமலே. அது போதுமாக இருந்தது. உள்ளே வந்ததும் குறை ஆரம்பம்: வெளிச்சம் பத்தாது, ஜன்னலுக்குத் துணி போடலை, திரைச்சீலை தைக்கிறவ வீட்டு ஜன்னலைப் பாரு.

அப்போது சொந்தத்தில் யாரோ அம்மாவுக்குப் போன் செய்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள், அக்கா முதுகைப் பார்த்தாள்.

"பெரியவ வீட்டுல இருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள்.

"ஆமா. அவ வீடுதான்."

மெஷின் நின்றிருந்தது. அம்மா போனை முந்தானையில் துடைத்து வைத்துவிட்டு, "எதுக்கு நிறுத்தினே? தை" என்றாள்.