கடைசி மூன்று வாரங்கள்

செவ்வாய்க்கிழமை, பருவத்தின் பதினோராம் வாரம்

இன்று துறைத் தலைவர் குமரேசன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கட்டுரை வகுப்புக்கு நான் போட்ட கடைசி மூன்று வாரத் திட்டம் அவர் மேசையில் கிடந்தது. மாணவர்கள் தாங்கள் முதலில் எழுதிய கட்டுரையைத் தாங்களே திருத்தி எழுத வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

“இதெல்லாம் எதுக்கு மிஸ்? மாதிரிக் கட்டுரையக் குடுத்து மனப்பாடம் பண்ண வைங்க. பாஸாயிடுவாங்க லா.”

“மாசாய் ஊர்லேருந்து வர்ற பொண்ணு பவானி, ஃபேக்டரியில அவங்கம்மா விரல் போனதப் பத்தி எழுதிருக்கா சார். நான் சொல்லாமயே மூணு தடவ திருத்திட்டா. அது எந்த மாதிரிக் கட்டுரையில இருக்கு?”

“ரிசல்ட் விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“அப்ப எழுதிக் குடுங்க.”

நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. அவர் புதுப்பிக்காமல் விடலாம்.

இருக்கட்டும். அடுத்த வாரப் பாடத்தை இப்போதுதான் எழுதி முடித்தேன். பவானி சம்மதித்துவிட்டாள், தன் கட்டுரையை அவளே வாசிக்கப்போகிறாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, குமரேசனையும் வந்து கேட்கச் சொல்லப்போகிறேன்.